அப்லைனோடு வந்த மாப்பிள்ளை

அவள் முதலில் பார்த்தது டையைத்தான். மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு டையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்தால் கலாமணிக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் காங்கேயத்துச் சித்திரை வெயிலில், சிவன்மலை முருகன் கோயில் மண்டபத்தில், வேட்டியும் மொட்டைத்தலையுமாகச் சனம் நடமாடுகிற இடத்தில், வெள்ளிக் கோடு போட்ட கருநீல டை ஒன்று வியர்த்து விறுவிறுத்து நடந்து வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள். டைக்குச் சொந்தக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அவருக்குப் பின்னால், பழத்தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தட்டு சாயாமல் இருப்பதிலேயே முழுக் கவனமும் வைத்து வந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான் சென்னியப்பனாக இருக்க வேண்டும், போட்டோவில் இருந்ததைவிட ஒரு சுற்றுப் பெருத்து, போட்டோவில் இல்லாத ஒரு பதற்றத்தோடு. ஆனால் மனசு அங்கே போக மறுத்து டையிலேயே மாட்டிக்கொண்டு நின்றது, ஏனென்றால் நம் பக்கத்தில் டை கட்டுகிறவர்கள் மூன்றே வகை என்று அண்ணன் துரைசாமி சொல்லுவார், கான்வென்ட் பிள்ளைகள், மருந்துக் கம்பெனி ரெப்புகள், அப்புறம் அவனுக. அவனுக என்றால் நெட்வொர்க் மார்க்கெட்டிங்காரர்கள். அண்ணன் ஒருகாலத்தில் அவர்களிடம் காந்தப் படுக்கை ஒன்றை வாங்கி, அதேபோல் இன்னும் இரண்டு பேரை வாங்க வைத்தால், அந்த இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பேரை வாங்க வைத்தால், உட்கார்ந்த இடத்தில் கமிஷன் வந்து கொட்டும் என்று நம்பி, சொந்தத்தில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, கடைசியில் அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே பங்காளிகள் டிவியை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்ளும் நிலைமை வந்து, கம்பெனி மூடிப் போய், படுக்கை மட்டும் மிச்சமாயிற்று. இன்னமும் அதில்தான் படுக்கிறார். முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. "அம்மிணி, டை," என்று இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதோரம் சொன்னார். "பாத்தனுங்ணா." "நெட்வொர்க்குன்னு ஒரு வார்த்தை வரட்டும், நான் எந்திரிச்சுப் போயிட்டே இருப்பேன்." மாப்பிள்ளை வாய் திறப்பதற்கு முன்னாலேயே கல்யாணம் பாதி நின்றுவிட்டது.

நிற்கக் கூடாது என்று அவளுக்கு இருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, அண்ணியிடம்கூட, முப்பத்தெட்டு வயசில் ஒரு பெண் எனக்கு இது நடக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னால் கேட்கிறவர்கள் முகத்தில் ஓர் இரக்கம் வரும், அந்த இரக்கத்தைப் பார்ப்பதற்குச் சும்மா இருக்கலாம். ஆனால் இருந்தது, காலையில் பச்சைப் பட்டை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்துக் கட்டியபோது இருந்தது, மல்லிகையை அண்ணி தலையில் வைத்துவிட்டபோது கழுத்து கூசியதே அப்போதும் இருந்தது. பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம் கிடையாது, அதெல்லாம் பழகிப்போயிற்று, வந்து பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து போனவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் இன்னமும் கலந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பயம் வேறு. தனக்கே பிடித்துப்போய், அந்தப் பிடித்தலில் கண் மறைத்து, ஒரு படுக்கையை வாங்கியதுபோல் ஒரு மனுஷனை வாங்கிவிட்டு, பிறகு வாழ்நாளெல்லாம் அதன்மேல் படுத்துக்கொண்டு வலிக்கவில்லை என்று சொல்லித் திரிய வேண்டுமே, அந்தப் பயம். ஊரில் யாருக்கு வந்தாலும் பரவாயில்லை, அவளுக்கு வரக் கூடாது, ஏனென்றால் அவளுடைய வேலையே அதுதான், கூட்டுறவுக் கடன் சங்கத்தில் தொழில் கடன் கேட்டு வருகிறவர்களின் கடையைப் போய்ப் பார்த்து, பேச்சைக் கேட்டு, கொடுக்கலாம், வேண்டாம் என்று எழுதுகிறவள் அவள். கலாமணியம்மா வேண்டாம்னு எழுதிட்டா அது வேண்டாந்தான் என்று செயலாளரே சொல்லுவார்.

"வணக்கம் சார், வணக்கம் மேடம், நான் மோகனசுந்தரம், திருப்பூர்," என்று டைக்காரர் எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, அண்ணியிடம் வந்ததும் சுதாரித்துக் கும்பிட்டார். "நம்ம சென்னியோட அப்லைன்." அண்ணனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, அப்லைன் என்றால் சங்கிலியில் ஒருவரைச் சேர்த்துவிட்டு அவருக்கு மேலே உட்கார்ந்திருப்பவர் என்பது அவருக்குத் தெரியாதா, அவருக்கும் ஒரு அப்லைன் இருந்தானே, கடைசியில் செல்போன் நம்பரை மாற்றிக்கொண்டவன். "அவருக்கு அப்பா அம்மா இல்லீங்க. தங்கச்சி சூரத்துல இருக்கறாங்க. பெரியப்பா வரேன்னு சொல்லியிருந்தாரு, நேத்துப் பார்த்துக் கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்குப் போயிட்டாரு, ஜோடி எருது நல்லா வந்திருக்குதாமா. அதான் மூத்தவங்க இடத்துல நான் வந்திருக்கறனுங்க. எங்க தொழில்ல புது ஆளைத் தனியா அனுப்பவே மாட்டோம். மேல இருக்கறவங்க கூட வந்துதான் பிளானை விளக்குவோம்." பிளான் என்று அவர் சொன்னதும் அண்ணன் எழுந்தே விட்டார். நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து அர்ச்சகர் வீட்டுப் பையன் சர்க்கரைப் பொங்கலைத் தொன்னை தொன்னையாகக் கொண்டுவந்து ஆளுக்கொன்று கையில் வைத்துவிட்டுப் போனான், முந்திரி மின்ன, நெய் ஒழுக, கை பொறுக்காத சூட்டோடு. "பிரசாதத்தைக் கையில வெச்சுக்கிட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போவீங்களாக்கும்," என்றாள் அண்ணி செல்வநாயகி, "உக்காந்து தின்னு முடிச்சுப்போட்டு அப்புறம் கோவிச்சுக்குங்க." அண்ணன் உட்கார்ந்தார். ஆக, பொங்கல் தீருகிறவரைக்கும் கலாமணிக்கு அவகாசம் இருந்தது. இவ்வளவு சூடான பொங்கலுக்காக அவள் முருகனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

சூடாக இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கட்டும் என்று விரல் நுனியால் ஓரத்தை எடுத்து ஊதிக்கொண்டே, திருமணத் தகவல் மையத்துக்காரர் கொடுத்த விவரத்தை நினைத்துப் பார்த்தாள், பெயர் சென்னியப்பன், வெள்ளகோயில், தொழில் சுயதொழில். அந்தச் சுயதொழில் என்கிற சொல்லை அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், சங்கத்தில் சுயதொழில் என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால் என்ன சுயம், என்ன தொழில் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறவள், இதில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டாள், போட்டோவில் அந்த ஆள் சிரிக்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது பிடித்துப்போயிற்று, அதனால்தான். பிடித்துப்போனால் புத்தி வேலை செய்யாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். நெட்வொர்க்காரர்களை அவள் ஒட்டுமொத்தமாகத் திட்டுகிறவள் அல்ல, சங்கத்துக் காசாளர் மனைவி பாத்திரம் துலக்கும் பவுடர் விற்கிறாள், நல்ல பவுடர், கலாமணியே வாங்குகிறாள், அந்த அம்மா யாரையும் என் கீழே சேர் என்று கூப்பிட்டதில்லை. ஆனால் கடன் கேட்டு வந்த மற்ற நெட்வொர்க்காரர்களிடம் அவள் கேட்பது ஒரே கேள்விதான். உங்கள் சங்கிலியில் இல்லாத ஆள் யாராவது, கமிஷனுக்கு ஆசைப்படாத ஆள், சாமான் நன்றாக இருக்கிறது என்பதற்காகவே மறுபடியும் வந்து வாங்கினாரா. இந்தக் கேள்விக்கு முன்னால் எத்தனை டை வாடிப் போயிருக்கிறது. வாங்குகிறவன் எல்லாம் விற்க வந்தவனாகவே இருந்தால் அது என்ன கடை, ஆளுக்கொரு குடையை விரித்துக்கொண்டு அடுத்தவனுக்குக் குடை விற்கப் பார்க்கிற கூட்டம். அதைக் கேட்டால் கனவு காணுங்கள் மேடம் என்பார்கள். கனவுக்குச் சங்கத்தில் கடன் கொடுப்பதில்லை.

மோகனசுந்தரம் இதற்குள் ஆரம்பித்துவிட்டார். "சென்னியை நான் வருசக்கணக்கா பாக்கறனுங்க. ஒரு மீட்டிங் தவறினதில்ல. நெகட்டிவ்வா ஒரு வார்த்தை வாயில வராது. கமிட்மென்ட்டுன்னா சென்னி, சென்னின்னா கமிட்மென்ட்டு." சென்னியப்பன் தலையைக் குனிந்து பொங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தார், தன்னைப் பற்றியல்ல, பக்கத்து ஊரில் யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதுபோல. அப்புறம் நடந்ததுதான் கூத்து. பழக்க தோஷத்தில் மோகனசுந்தரம் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார், பேனா கிடைக்கவில்லை, எதிரில் கல்தரையில் யாரோ சிந்திவிட்டுப் போன விபூதி படர்ந்து கிடந்தது, அதில் ஆள்காட்டி விரலால் ஒரு வட்டம் போட்டார். "இது சென்னி." பக்கத்தில் இன்னொரு வட்டம். "இது மேடம்." இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து, அதிலிருந்து கீழே இரண்டு கோடு இறக்கி, இரண்டு சின்ன வட்டம். "இது குழந்தைங்க." அதற்கும் கீழே அவர் விரல் போவதற்குள் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. அண்ணி அவர் தலையில் தட்டிக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. கலாமணிக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்து தொண்டையில் நின்றது, சிரித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே சென்னியப்பனும் அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார், போட்டோவில் அடக்கிய அதே சிரிப்பு. ஒரு கணம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். ஐயோ, பிடித்துத் தொலைக்கிறதே என்று இருந்தது அவளுக்கு.

"ரெண்டு பேரும் அப்படிப் போய் ஒரு வார்த்தை பேசிட்டு வரட்டுமே," என்று அண்ணிதான் சொன்னாள், அண்ணன் இருமலில் இருந்ததால் மறுக்க முடியவில்லை. தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டே வெளிப்பிரகாரத்துக்கு நடந்தார்கள், போகிற வழியில் உத்தரவுப் பெட்டி, ஆண்டவன் யார் கனவிலாவது வந்து சொல்லுகிற பொருளை வைக்கிற கண்ணாடிப் பெட்டி, அதன் முன்னால் ஒரு கூட்டம். இந்த முறை நாட்டுச்சர்க்கரை வைத்திருந்தார்கள். சர்க்கரை விலை ஏறப்போவுது என்றார் ஒருவர், இல்லீங்க, எறங்கப்போவுது என்றார் இன்னொருவர், சுகர் வியாதி பரவுமாட்ட இருக்குது என்று ஓர் அம்மா பயந்தாள். இனிப்புத்தானே, நல்லதுக்குத்தான் இருக்கும் என்று தன் மனசு சொன்னதைக் கலாமணி கவனித்தாள், பார், எப்படிச் சாய்கிறது பார், எது கிடைத்தாலும் தனக்குச் சாதகமாகவே படிக்கிறது, சங்கத்து நாற்காலியில் இப்படியா உட்காருவாய். மதிலோரம் நின்றால் கீழே காங்கேயம் தெரிந்தது, கொப்பரைக் களங்கள் வெள்ளை வெள்ளையாக, வெயிலில் கண் கூச. காற்று மட்டும் மலை மேல் நன்றாக இருந்தது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, என்ன கேட்பது என்று யோசித்தபோது வாயில் வந்து நின்றது அந்த ஒரே கேள்விதான், வேறு எதையும் அவள் இத்தனை வருஷத்தில் பழகியிருக்கவில்லை. "உங்ககிட்ட மறுக்கா மறுக்கா வாங்கறவங்க யாராச்சும் இருக்கறாங்களா? உங்க கூட்டத்துல இல்லாத ஆளா?"

மற்றவர்களைப்போல் அவர் கனவுக்குத் தாவவில்லை. யோசித்தார், விரல் விட்டு எண்ணுவதுபோல் வாய் அசைந்தது. "ஒரு டீச்சரம்மா இருக்கறாங்க. தரை தொடைக்கற மருந்து வாங்குவாங்க, அந்த வாசம் புடிக்குமாம். அப்புறம் ஒரு பெரியவரு பல்பொடி வாங்குவாரு, அவருக்குப் பல்லே இல்லீங்க, எதுக்குன்னு நானும் கேட்டதில்ல. அவ்வளவுதானுங்க." "உங்களுக்குக் கீழ?" "கீழ யாருமே இல்லீங்க." "இத்தனை வருசத்துலயா?" "ஆமாங்க. நான்தான் கடைசி. எனக்கு அப்புறம் சங்கிலி இல்லீங்க." அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை, ஊர்க் கடைசி வீடு எங்களுது என்று சொல்வதுபோல் சொன்னார். "ஏன் யாரும் சேரல?" "சார் சொல்லுவாருங்க, புதுசா ஒரு ஆளு ஆசைப்பட்டா, நம்மளே பேசக் கூடாது, அனுபவஸ்தங்ககிட்டக் கூட்டிட்டுப் போய்ப் பேச வைக்கோணும்னு. நானும் கூட்டிட்டுப் போனனுங்க. நம்ம பக்கத்துல இதுல நெறைய அனுபவப்பட்டவரு காடையூர்ல ஒருத்தரு, எங்களுக்கு முந்தியே இதுல இருந்து எல்லாம் பாத்துட்டு வெளிய வந்தவரு. அவருகிட்டப் பேசினாப் போதும், ஒருத்தரும் சேர மாட்டேங்கறாங்க." "அந்த ஆளு விட்டுட்டுப் போனவரா?" "ஆமாங்க. இருக்கறவங்களுக்கு எல்லாம் பாதிதானுங்களே தெரியும். விட்டவருக்குத்தான முழுசாத் தெரியும்."

கலாமணி சிரித்துவிட்டாள். அடக்கி வைத்திருந்த விபூதி வட்டச் சிரிப்பும் சேர்ந்துகொண்டு, மதிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, கையிலிருந்த தொன்னை சாய, உத்தரவுப் பெட்டிக்கூட்டம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள், நிறுத்தலாம் என்று நினைத்தால் பல்லில்லாதவரின் பல்பொடி ஞாபகம் வந்து மறுபடியும் கிளம்பியது. அவர் முதலில் திகைத்து, அப்புறம் தானும் சிரித்து, அவள் தொன்னையை வாங்கி மதில்மேல் பத்திரமாக வைத்தார். கடைசியாக இப்படி எப்போது சிரித்தோம் என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. தேடும்போதே புத்தி விழித்துக்கொண்டது. இதுவும் ஒரு வித்தையாக இருந்தால்? ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் இதையும் சொல்லிக் கொடுத்திருந்தால், அப்பாவியாய்ப் பேசு, தோற்றவனாய்ப் பேசு, அப்போதுதான் நம்புவார்கள் என்று? அவனுக எதையும் செய்வானுக என்று அண்ணன் குரல் காதுக்குள் சொன்னது, காந்தப் படுக்கை விற்றவனும் நல்லவனாகத்தான் இருந்தான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தான், ஹார்லிக்ஸ் வாங்கி வந்தான். நல்லவனாக இருப்பதுதான் அந்தத் தொழிலுக்கு முதலே. அப்படியானால் நல்லவனையும் நல்லவனாக நடிப்பவனையும் எதை வைத்துப் பிரிப்பது, கடை என்றால் சரக்கைப் பார்க்கலாம், மனுஷனில் எதைப் பார்ப்பது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மண்டபத்தில் அண்ணனின் தொன்னை காலியாகிக்கொண்டிருக்கும், பிரிக்கத் தெரியாமல் அவள் அவருடைய முகத்தையே பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நின்றபோது காதோர முடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பது தெரிந்தது. நரையென்று நினைத்தாள். நரை உதிராது, இது காற்றில் கொஞ்சம் உதிர்ந்தது.

"காதுல என்னங்க அது?" என்றாள். அவர் சட்டென்று துடைத்துக்கொண்டார், திருடும்போது பிடிபட்டவர் மாதிரி முகம் சிவந்துபோயிற்று. "மாவுங்க. எத்தனை தேய்ச்சுக் குளிச்சாலும் அது போகாதுங்க." "எந்த மாவு?" "நம்ம மில்லு மாவுங்க. வெள்ளகோயில்ல மாவு மில்லு வெச்சிருக்கறனுங்க, அப்பா காலத்து மில்லு. கம்பு, ராகி, மல்லி, மொளகா எல்லாம் அரைப்போம்." கலாமணி அவரை நேராகத் திரும்பிப் பார்த்தாள். "மில்லா? அதைச் சொல்லவே இல்லையே." "சார்தான் வேண்டாம்னாருங்க. பொண்ணு வூட்டுல மாவு மில்லுன்னு சொன்னா மதிக்க மாட்டாங்க சென்னி, பிசினஸ்னு சொல்லு, மத்ததை நான் பாத்துக்கறேன்னாரு. காலைல அவரே சட்டையைத் தேய்ச்சுக் குடுத்து, பழமெல்லாம் அவரு காசுலயே வாங்கியாந்தாருங்க. நல்ல மனுசன். அவரு பேச்சைத் தட்ட முடியல." நம் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பெற்ற வீட்டில், மாவு மில்லு என்ற வார்த்தைக்கு என்ன மரியாதை என்று இந்த உலகத்தில் தெரியாத ஒரே கூட்டம் இதுவாகத்தான் இருக்கும். ஓடுகிற மில்லை ஒளித்து வைத்துவிட்டு ஓடாத சங்கிலியைத் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், இரண்டு பேரும், அதுவும் வெயிலில், ஒருவர் டை வேறு கட்டிக்கொண்டு. ஏமாற்ற வந்தவர்கள் இப்படியா வருவார்கள். ஏமாற்றுகிறவன் இல்லாததைத்தானே காட்டுவான், இவர்கள் இருப்பதை மறைக்க அல்லவா படாத பாடு பட்டிருக்கிறார்கள். கலாமணிக்கு உள்ளே ஏதோ இளகி வழிந்தது, நெய் மாதிரி.

இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். "மில்லு இருக்கறப்ப இதுக்கெல்லாம் எதுக்குங்க போறீங்க?" அவர் கீழே கொப்பரைக் களத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "ஞாயித்துக்கிழமை மில்லு லீவுங்க. வூட்டுல ஆளில்ல. அங்க போனா வாங்க சென்னின்னு கையைப் புடிச்சுக் குலுக்குவாங்க. போன வாரம் மேடையேத்திப் பொறந்தநாளுக்குக் கை தட்டினாங்க. அது எனக்குப் புடிக்குமுங்க. சாமான் விக்கறதெல்லாம் எனக்கு வராது." "கல்யாணம் ஆனாலும் போவீங்களா?" "பேசறதுக்கு வூட்டுல ஆளு இருந்தா எதுக்குங்க போறேன்." பிறகு அவசரமாக, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயத்தில், "எனக்கு உங்களைப் புடிச்சிருக்குதுங்க. ஆனா நீங்க யோசிச்சுச் சொல்லுங்க, எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்குங்க. அவசரப்படுத்தறதுக்கு எனக்குத் தெரியாதுங்க," என்றார். இத்தனை வருஷமாக வந்துபோன யாரும் அவள் முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறது என்று சொன்னதில்லை, கலந்து பேச ஆளில்லாத மனுஷன்தான் கடைசியில் அதைச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றதும் அவளுக்குத் தன் ஞாயிற்றுக்கிழமைகள் கண்ணில் வந்தன, அண்ணன் தூங்க, அண்ணி தூங்க, சத்தம் குறைத்து வைத்த டிவியில் யாரோ எதற்கோ அழ, துவைத்த துணியை மறுபடி மடித்துக்கொண்டு. அங்கே யாராவது கை குலுக்கக் கூப்பிட்டிருந்தால் அவளும் போயிருப்பாள். டைகூடக் கட்டியிருப்பாள். அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கலாமா என்று கேட்டால் வேண்டாம், இன்றும் வேண்டாம், நாளைக்கும் வேண்டாம். இந்த மனுஷரைப் பற்றிக் கேட்டால், என்று ஆரம்பித்த மனசு அதற்கு மேல் கணக்குப் பார்க்காமல் சும்மா சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றது. அது என்ன வகைச் சந்தோஷம் என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது, காற்று அடித்தது, மல்லிகை வாசம் வந்தது, பக்கத்தில் ஒருவர் மதில்மேல் இருந்த தொன்னையை எறும்பு அண்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அவர்கள் திரும்பி வந்தபோது அண்ணன் கை கழுவிவிட்டு, சட்டைக் கையை இறக்கி, கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தார். கண்ணாலேயே போலாமா என்று கேட்டார், அந்தப் பார்வையில் அன்பும் இருந்தது, என் தங்கச்சியை ஒருத்தனும் ஏமாற்ற விடமாட்டேன் என்கிற வீராப்பும் இருந்தது, பாவம். மோகனசுந்தரம் இதையெல்லாம் கவனிக்கிற நிலைமையில் இல்லை, விளக்கம் முடிந்தது, இனிமேல் முடித்துவைக்க வேண்டும், அதற்கென்று அவர்கள் தொழிலில் ஒரு கேள்வி இருக்கிறது, அதைத்தான் நம்பிக்கையே இல்லாமல், ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக, எடுத்து வைத்தார். "அப்புறம் மேடம், எப்ப ஸ்டார்ட் பண்ணலாம்?"

"வைகாசியில வெச்சுக்கலாமுங்க," என்றாள் கலாமணி.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. அண்ணி தொன்னையைக் கீழே வைத்தாள். "அம்மிணி," என்று அண்ணன் பதறி, குரலைத் தாழ்த்தி, "இவங்க நெட்வொர்க்கு அம்மிணி, நாம பட்டது போதாதா," என்றார். "நெட்வொர்க்கு இல்லீங்ணா. மாவு மில்லு." "யாரு?" "இவருதான். வெள்ளகோயில்ல சொந்த மில்லு. ஓடிட்டு இருக்குது." அண்ணன் சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தார், மேலிருந்து கீழ்வரை, இன்றைக்கு முதன்முதலாகப் பார்ப்பவர்போல. "மில்லுங்களா? அதை மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க? எத்தனை எச்.பி. மோட்டாரு?" "பதினஞ்சுங்க. மொளகாய்க்குத் தனியா ஒண்ணு போட்டிருக்கறனுங்க." "அது நல்லதுங்க, இல்லாட்டி ராகியில நெடி வந்துரும்," என்று சொல்லிக்கொண்டே அண்ணன் அவர் தோளில் கை போட்டு, தூண் ஓரமாக உட்கார வைத்து, தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இனி அவர்களைக் கிளப்ப மத்தியான பூஜைக்கு மணியடித்தால்தான் உண்டு.

மோகனசுந்தரம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். யோசிச்சுச் சொல்றேன் என்றால் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார், வீட்டில் கேட்க வேண்டும் என்றால் அதற்கொன்று, எனக்கு இதில் நம்பிக்கையில்லை என்றால் அதற்கு இரண்டு. சரி என்று சொன்னால் என்ன சொல்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. டை முடிச்சைத் தளர்த்திக்கொண்டு, கலாமணிக்கு மட்டும் கேட்கும்படி, "மொத மீட்டிங்குலயே சரின்னு எனக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லீங்க மேடம்," என்றார்.

தூண் ஓரத்திலிருந்து சென்னியப்பன் மிளகாய் மோட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, அவள் இன்னும் அங்கே இருக்கிறாளா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"எனக்கும்தானுங்க," என்றாள் கலாமணி.